ஆகஸ்டில் மொட்டையாகும் மரம்: கலிஃபோர்னியா பக்ஐயை வீட்டில் வளர்ப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வீடு, பின்பக்கம் சரிவான தோட்டம், மண் களிமண். மே மாதம் மலைப்பக்கம் நடக்கப் போனபோது வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்ற பக்ஐ மரம் உங்களுக்குப் பிடித்துப்போனது. அதை வீட்டில் வைக்கலாமா, விதையிலிருந்து வருமா, நான்கு வயதுக் குழந்தையும் ஒரு நாயும் உள்ள வீட்டுக்கு அது சரிப்படுமா, பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் தேனீக்களுக்குக் கெடுதல் உண்டா என்று கேட்கிறீர்கள். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கும் உங்கள் அண்ணனும் ஒன்று வைக்க ஆசைப்படுகிறார்.

தாராளமாக வைக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மலைச்சரிவுகளும் சியர்ரா நெவாடாவின் அடிவாரமும்தான் இந்த மரத்துக்குச் சொந்த ஊர். ஈஸ்குலஸ் கலிஃபோர்னிகா என்ற இந்த இனம் கிட்டத்தட்ட முழுக்க கலிஃபோர்னியாவுக்குள்ளேயே வளர்வது. உங்கள் களிமண், உங்கள் சரிவு, மழையே பார்க்காத கோடை எல்லாம் அதற்குப் பழக்கப்பட்டவை. ஆனால் நடுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலையில் இதன் இலைகள் பழுப்பேற ஆரம்பிக்கும். ஆகஸ்டில் மரம் மொட்டையாக நிற்கும். பக்கத்து வீட்டு மரங்களெல்லாம் பச்சையாக இருக்கும்போது உங்களுடையது மட்டும் செத்துப்போன மாதிரி தெரியும். இதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் இதைவிடச் சுலபமான மரம் இந்தப் பகுதியில் கிடைப்பது கஷ்டம். முடியாது என்றால் வேறு மரம் பார்ப்பதே நல்லது. பக்ஐயோடு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல், அதன் நாட்காட்டியோடு மனிதர்கள் மல்லுக்கு நிற்பதால் வருபவை.

அந்த நாட்காட்டியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வருகின்றன.

இங்கே மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே மாதத்துக்குப் பிறகு அக்டோபர் வரை ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. ஆக, ஒரு மரத்துக்கு மண்ணில் ஈரமும் வானத்தில் வெயிலும் சேர்ந்து கிடைப்பது பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைதான். பக்ஐ தன் மொத்தச் சம்பாத்தியத்தையும் அந்த ஐந்து மாதத்தில் முடித்துக்கொள்கிறது. பள்ளத்தாக்கு ஓக்குகள் இன்னும் குச்சியாக நிற்கும் பிப்ரவரியிலேயே, சில இடங்களில் அதற்கும் முன்பே, இது தளிர்விடும். கிளை நுனியில் இருக்கும் மொட்டைத் தொட்டுப் பாருங்கள், பிசின் விரலில் ஒட்டும். அது விரிந்ததும் மடித்துவைத்த விசிறியைப் போல இலை வெளியே வரும், ஒரு காம்பில் ஐந்து சிற்றிலைகள். காட்டில் மற்றவை தூங்கும்போது பளீரென்ற அந்தப் பச்சை தூரத்திலிருந்தே தெரியும்.

மே, ஜூனில் பூ. ஒவ்வொரு கொத்தும் 6 முதல் 8 அங்குல நீளம், நிமிர்ந்து நிற்கும். வெள்ளை இதழில் லேசான இளஞ்சிவப்பு ஓடும். மகரந்தத் தாள்கள் இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஆரஞ்சு நிறம். மாலையில் கீழே நின்றால் இனிப்பான வாசனை வரும். ஒரு கொத்தில் அத்தனை பூ இருந்தும் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடியவை நுனிப்பக்கம் உள்ள சிலதான். அதனால் ஒரு கொத்துக்கு ஒன்றோ இரண்டோ காய் நின்றாலே அதிகம். விதை ஒவ்வொன்றும் அவ்வளவு கனமானது, இதற்கு மேல் மரத்தால் தாங்கவும் முடியாது.

ஜூலையில் மேல்மண் காய்ந்ததும் மரம் கடையை மூடுகிறது. இலை வைத்திருந்தால் நீர் ஆவியாகும். அந்த வறட்சியில் இலையைக் காப்பாற்றும் செலவைவிட உதிர்ப்பது லாபம். சேர்த்து வைத்த மாவுச்சத்து தண்டிலும் வேரிலும் இருக்கிறது, அதை வைத்து இலையே இல்லாத கிளையில் காய் முற்றுகிறது. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஹரால்ட் மூனியும் சக ஆய்வாளர்களும் இந்த வரவு செலவைத்தான் அளந்து பார்த்தார்கள், பக்கத்திலேயே வளரும் பசுமைமாறா ஓக்கோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். கடற்கரையை ஒட்டி, மூடுபனி வந்துபோகும் இடங்களில் இதே மரம் இலையுதிர்காலம் வரை பச்சையாக நிற்பதையும் பார்க்கலாம். ஃப்ரீமான்ட்டின் வெயிலில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது இடம் தேர்வு. கோடையில் நிழல் வேண்டும் என்று வரவேற்பறை ஜன்னலுக்கோ மேல்தளத்துக்கோ பக்கத்தில் இதை நட்டால் ஏமாற்றம்தான். வெயில் கொளுத்தும் செப்டம்பரில் இதன் கீழே நிழலே இருக்காது. உங்கள் சரிவின் நடுப்பகுதியோ மேல்பகுதியோ சரியான இடம். 15 முதல் 30 அடி வரை உயரும், அதே அளவுக்கு அகலமும் எடுக்கும், அடியிலிருந்தே பல தண்டாகப் பிரியும். ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 20 அடி விடுங்கள், வேலியிலிருந்து 15 அடி. முழு வெயில் நல்லது. காலை வெயில் மட்டும் கிடைத்தாலும் வளரும், பூ கொஞ்சம் குறையும்.

மொட்டையாக நிற்பதை ஒரு குறையாக மட்டும் பார்க்க வேண்டாம். பட்டை வெள்ளிச் சாம்பல் நிறம், கிளைகள் முறுக்கிக்கொண்டு பரந்து போகும், வயதான மரத்தில் பாசியும் கற்பாசியும் படிந்திருக்கும். பின்னால் கரும்பச்சையாக ஏதாவது இருந்தால் அந்த உருவம் அருமையாகத் தெரியும். டோயன் புதரோ காஃபிபெரியோ பின்னணிக்கு வையுங்கள், இரண்டும் இந்த ஊர்ச் செடிகள், இரண்டும் ஆண்டு முழுக்கப் பச்சை. முன்பக்கம், நிழல் எட்டாத ஓரத்தில், கலிஃபோர்னியா ஃபூக்ஷியா வையுங்கள். பக்ஐ இலை உதிர்க்கும் அதே ஆகஸ்டில் அது சிவப்பாகப் பூக்கத் தொடங்கி இலையுதிர்காலம் வரை நிற்கும், ஹம்மிங்பேர்ட் பறவைகள் வந்து மொய்க்கும். மரத்தடியில் ஹம்மிங்பேர்ட் சேஜ் படரவிடலாம். வறண்ட நிழலைத் தாங்கும். இந்தச் சேர்க்கை இருந்தால் ஆகஸ்டில் உங்கள் தோட்டத்தைப் பார்த்து யாரும் மரம் செத்துவிட்டதா என்று கேட்க மாட்டார்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் ஏதாவது முணுமுணுத்தால், குறைந்த நீரில் வளரும் செடிகளுக்குத் தடை போட இந்த மாநிலச் சட்டம் சங்கங்களை அனுமதிப்பதில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மலையடிவாரத்தில் இருப்பதால் தீ பற்றியும் ஒரு வார்த்தை. இலை உதிர்வதும் காட்டுத்தீ பருவமும் ஒரே சமயத்தில் வருகின்றன. வீட்டைச் சுற்றி முதல் ஐந்தடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்ற வழிக்கு மாநிலம் வந்துவிட்டது. 20 அடி தள்ளி நடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மரத்தடியில் உதிர்ந்தது அங்கேயே மட்கட்டும். கூரை, கூரையோர மழைநீர்க்குழாய், சுவரோரம் வந்து விழுவதை மட்டும் கூட்டி எடுத்துவிடுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இவ்வளவு எளிதாக முளைக்கும் மரவிதை குறைவு, அதோடு குழந்தைக்குக் காட்ட வேண்டிய காட்சியும் கூட (கையில் கொடுக்காமல்; காரணம் பின்னால் வருகிறது). அக்டோபர், நவம்பரில் காய் தானே வெடிக்கும். தோல் போன்ற மேலோட்டுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு விதை, பளபளக்கும் பழுப்பு, ஒரு பக்கம் வெளிறிய வட்டம். பூங்காக்களில் பொறுக்காதீர்கள், கிழக்கு வளைகுடா பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் அதற்கு அனுமதி இல்லை. தோட்டத்தில் மரம் வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள், சந்தோஷமாக ஒரு பை நிறையக் கொடுப்பார்கள்.

இந்த விதையைக் காயவிடக் கூடாது. நெல், கத்தரி விதை போலக் காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டு விதைக்கலாம் என்று நினைத்தால் செத்த விதைதான் மிஞ்சும். கையில் எடுத்தால் கனமாக, இறுக்கமாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். சுருங்கியதும் லேசாகிப்போனதும் வேண்டாம். கிடைத்த ஓரிரு வாரத்துக்குள் மண்ணில் வைத்துவிடுங்கள். தாமதமானால் ஈரமான மணலோடு ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் அங்கேயே முளைத்துவிடும். உரசுவது, கொதிநீரில் ஊறவைப்பது, மாதக்கணக்கில் குளிரூட்டுவது எதுவும் தேவையில்லை. மழை பெய்த நவம்பரில் காட்டு மரத்தடியில் குனிந்து பார்த்தால் சருகுக்கு மேலே கிடந்தபடியே வேர் விட்டிருக்கும்.

முளைப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் விதையிலிருந்து தடித்த வெள்ளை வேர் ஒன்று வளைந்து கீழே இறங்கும். தண்டு உடனே வராது; மேலே ஒன்றும் தெரியாமலே கீழே ஆணிவேர் பல அங்குலம் போய்விட்டிருக்கும். பிறகுதான் வேரும் விதையும் சேரும் இடத்தின் பக்கத்திலிருந்து தண்டு எழும்பும். விதையிலைகள் மண்ணுக்கு மேலே வரவே வராது. கொட்டை அப்படியே உள்ளே கிடந்து சத்து அனுப்பிக்கொண்டிருக்கும். எனவே முளைத்த கன்றை இடம் மாற்றும்போது, பழைய கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிய்த்துப் போடாதீர்கள்.

ஆணிவேர் இவ்வளவு அவசரமாக இறங்குவதால் நிரந்தர இடத்திலேயே விதைப்பது உத்தமம். வெளிறிய வட்டம் பக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்து, மேலே ஓர் அங்குலம் மண். ஓர் இடத்தில் இரண்டு மூன்று விதை வைத்து, வலுவானதை மட்டும் விட்டுவிடலாம். உங்கள் பக்கம் கோஃபர் எலி நிச்சயம் இருக்கும். கம்பிவலைக் கூடை ஒன்றைக் குழிக்குள் இறக்கி அதற்குள் விதையுங்கள். அணில்கள் மற்ற கொட்டைகளைப் போல இதன் மேல் பாய்வதில்லை என்றாலும், புதிதாகக் கிளறிய மண் என்றால் தோண்டிப் பார்க்கும். மேலேயும் ஒரு வலைத் துண்டு போடுங்கள். தொட்டியில்தான் முடியும் என்றால் அகலத்தைவிட ஆழம் முக்கியம், ஓரடிக்கு மேல் ஆழமான குறுகலான மரக்கன்றுத் தொட்டி வாங்குங்கள். முதல் ஆண்டு மேலே கொஞ்சம்தான் வளரும், கவலைப்படாதீர்கள். பூ பார்க்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

பொறுமை இல்லையென்றால் நர்சரிக் கன்று. அக்டோபர், நவம்பரில் கலிஃபோர்னியா நேட்டிவ் பிளான்ட் சொசைட்டியின் உள்ளூர்க் கிளைகள் நடத்தும் விற்பனையில் பாருங்கள், நாட்டுச்செடி நர்சரிகளிலும் கிடைக்கும். அந்தச் சமயத்தில் தொட்டியில் நிற்பது வெறும் குச்சியாகத்தான் இருக்கும். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தைரியமாக வாங்கலாம். பெரியதைவிட ஒரு கேலன் தொட்டிச் சின்னக் கன்றே நல்லது. வேர் தொட்டிக்குள் சுருண்டிருக்காது, சீக்கிரம் மண்ணைப் பிடிக்கும்.

நடும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியின் அளவுக்கு மட்டும். தோண்டிய அதே களிமண்ணால் மூடுங்கள். குழிக்குள் மட்டும் உரம் கலந்த மண்ணை நிரப்பினால் மழைக்காலத்தில் அது நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். மரச்சில்லு மூடாக்கு மூன்று அங்குலம் போடலாம், தண்டைத் தொடாமல். உரம் வேண்டாம். கத்தரிக்கவும் பெரிதாக எதுவும் இருக்காது; குறுக்கே உரசும் கிளையை எடுக்க நினைத்தால் இலையில்லாத காலத்தில் எடுங்கள், உருவம் முழுசாகத் தெரியும்.

தண்ணீரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் குளிர்காலத்தில் மழை தவறினால் வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மெதுவாக, ஆழமாக இறங்கும்படி. இலை உதிர்ந்ததும் மாதம் ஒருமுறை போதும். இரண்டாம் கோடையில் ஆரம்பத்திலிருந்தே மாதம் ஒன்று, மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடலாம். ஜூலையில் இலை ஓரம் காய ஆரம்பித்ததும் மனசு கேட்காது, குழாயைத் திறக்கத் தோன்றும். மேலே சொன்ன அளவைத் தாண்டித் திறக்காதீர்கள். கோடைத் தண்ணீரில் இலை இன்னும் சில வாரம் நிற்கலாம். ஆனால் சூடான களிமண்ணில் எப்போதும் ஈரம் இருந்தால் வேரழுகல் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அப்படித் தண்ணீர் ஊற்றியே சாகடிக்கப்பட்ட மரங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். புல்தரைத் தெளிப்பான் எட்டும் இடத்திலும் நடாதீர்கள்.

தேனீ விஷயம். உங்கள் பயம் நியாயமானது. பக்ஐயின் தேனும் மகரந்தமும் ஐரோப்பியத் தேனீக்கு விஷம். சிறகு சரியாக வளராத தேனீக்கள், பொரிக்காத முட்டைகள் என்று கூட்டில் அது தெரியும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1926லேயே இதற்கென ஒரு வெளியீடு கொண்டுவந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: இந்த மரமும் அந்தத் தேனீயும் சந்தித்து அதிக நாள் ஆகவில்லை. தேனீ கலிஃபோர்னியாவுக்கு வந்ததே 1853இல், உங்கள் பக்கத்து ஊரான சான் ஹோஸேவுக்கு. அதன் நினைவுச்சின்னம் விமான நிலையத்தில் இருக்கிறது. இந்த மண்ணின் வண்டுகளும் காட்டுத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் பக்ஐயோடு காலகாலமாக வாழ்ந்தவை. வெளிறிய ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சி இந்தப் பூவைத் தேடி வரும், எக்கோ அஷூர் என்ற சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு இதன் பூமொட்டைத் தின்று வளரும்.

உங்கள் ஊர் மலையெல்லாம் ஏற்கனவே பக்ஐதான், அண்டை வீட்டுத் தேனீக்கள் மைல் கணக்கில் பறந்து மேய்பவை. நீங்கள் வைக்கும் ஒரு மரம் அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஆபத்து அதிகமாவது, வறண்ட வசந்தத்தில் வேறு பூ எதுவும் இல்லாமல் பக்ஐ மட்டும் பூத்து நிற்கும்போது. அதனால் அதே மே, ஜூனில் பூக்கும் கிளார்க்கியாவும் கலிஃபோர்னியா பக்வீட்டும் கூடவே வையுங்கள். நடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பேச்சு சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ள தேனீ வளர்ப்பாளருக்கு இது தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். பூக்கும் காலத்தில் பெட்டிகளை வேறிடத்துக்கு நகர்த்துகிறவர்களும் உண்டு.

குழந்தையும் நாயும். இங்கே மழுப்பாமல் சொல்ல வேண்டும்: இலை, பூ, பட்டை, கொட்டை எல்லாமே விஷம், கொட்டைதான் ஆசையைக் கிளப்பும். நம் ஊர்ப் பூந்திக்கொட்டையும் இதுவும் ஒரே குடும்பம். பூந்திக்கொட்டையை நுரைக்கவைக்கும் சாப்போனின் இதிலும் உண்டு, எஸ்குலின் என்ற இன்னொரு நச்சும் சேர்ந்திருக்கிறது. போமோ, யோக்கட்ஸ் போன்ற பூர்வகுடிகள் கொட்டையை நசுக்கி ஓடைநீரில் கலந்து மீன்களை மயங்கவைத்துப் பிடித்தார்கள். ஓக் கொட்டை விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இதையே வேகவைத்து, மசித்து, நாள்கணக்கில் நீரில் அலசி நஞ்சை நீக்கிச் சாப்பிடவும் செய்தார்கள். தலைமுறைகளாகக் கைமாறிய அறிவு அது. வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம், நாய்க்கு முடியாது. பந்து கவ்வும் நாய் இந்தக் கொட்டையையும் கவ்வும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வரை போகும், விழுங்கினால் குடலில் அடைக்கவும் செய்யும். நல்ல வேளையாக, விதை விழுவது ஆண்டில் சில வாரங்கள்தான். கிளையில் இலை இல்லாததால் காய் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். விழுவதற்கு முன்பே கோலால் தட்டி எடுத்துவிடலாம். சரிவின் மேல்பகுதியில் நட்டு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அந்த இடத்தைச் சின்ன வேலியால் மறித்துவிட்டாலும் போதும். காய்ப்பதற்கே சில ஆண்டு ஆகும், அதற்குள் உங்கள் குழந்தையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும். யாராவது கடித்துவிட்டால் உடனே 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணை அழையுங்கள். நாய் என்றால் நேராகக் கால்நடை மருத்துவர். எதைக் கண்டாலும் விழுங்கிவிடுகிற நாய்க்குட்டி என்றால் அது கொஞ்சம் வளரும் வரை நடுவதைத் தள்ளிப்போடுங்கள், மரம் எங்கும் போய்விடாது.

அண்ணனுக்கு: ஆஸ்டினில் கலிஃபோர்னியா பக்ஐ வேண்டாம், கோடை மழையும் ஈரப்புழுக்கமும் அதற்கு ஒத்துவராது. அங்கே நாட்டு மரம் சிவப்பு பக்ஐ, ஈஸ்குலஸ் பேவியா. எட்வர்ட்ஸ் பீடபூமியில் அதன் மஞ்சள் பூ வகையும் உண்டு. பெரிய மரங்களின் கீழே, மதிய வெயில் படாத இடத்தில் நன்றாக வரும். குழல் போன்ற சிவப்புப் பூக்கள் ஹம்மிங்பேர்ட் பறவைகள் வடக்கே போகும் வசந்த காலத்தில் விரியும். அதுவும் கோடைக் கடைசியிலேயே இலை உதிர்க்கும், அதன் கொட்டையும் விஷம், விதையைக் காயவிடாமல் நட வேண்டும் என்பதும் அப்படியே. நர்சரியில் மெக்சிகன் பக்ஐ என்று ஒன்றைக் கொடுத்தால் அது வேறு பேரினம், உங்னாடியா. இளஞ்சிவப்பாகப் பூக்கும், சுண்ணாம்பு மண்ணையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும். அதன் விதையும் சாப்பிடக்கூடியதில்லை. அண்ணன் தோட்டத்தில் நிழலே இல்லையென்றால் சிவப்பு பக்ஐயைவிட அதுதான் பொருத்தம்.